ஏலமலைக் குரங்குகளும் அவற்றின் குடும்பக் கணக்கும்

(பண்ணை ஒலிபரப்பில் இடம்பெற்ற பேச்சு)



போடிநாயக்கனூர் பக்கத்தில் நாலு விவசாயிகள் ஒன்றாக உட்கார்ந்தால் மழையைப் பற்றிப் பேச்சு வரும், ஏலக்காய் விலையைப் பற்றிப் பேச்சு வரும். மூன்றாவதாகக் கட்டாயம் வரும் பேச்சு குரங்கைப் பற்றியது. அடிவாரத்தில் மாவும் தென்னையும் இலவும் வைத்திருப்பவருக்கும் அந்தத் தொல்லை உண்டு. குரங்கணி, கொட்டகுடி பக்கம் காப்பியும் மிளகும் போட்டிருப்பவருக்கும் உண்டு. மெட்டைத் தாண்டி ஏலத்தோட்டம் வைத்திருப்பவருக்குச் சொல்லவே வேண்டாம். ஏலச்செடியின் இளந்தட்டையை உரித்து உள்குருத்தைத் தின்றுவிடுகிறது. தின்றது ஒரு பங்கு என்றால், ஒடித்துப் போட்டது மூன்று பங்கு.

"வெடி போட்டுப் பார்த்தாச்சு, கூண்டு வைத்துப் பார்த்தாச்சு, மறுபடியும் வந்து நிக்குதே, என்னங்க செய்யறது?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இன்னொரு கேள்வியை முதலில் கேட்க வேண்டும். உங்கள் தோட்டத்துக்கு வருகிற கூட்டத்தில் மொத்தம் எத்தனை குரங்கு? அதில் தாய் எத்தனை, குட்டி எத்தனை? எந்த மரத்தின் வழியாக வருகிறது, எந்த மாதத்தில் வராமல் இருக்கிறது? பயிருக்கு வரும் பூச்சியைப் பற்றி இத்தனை விவரமும் நமக்குத் தெரியும். குரங்கைப் பற்றி மட்டும் தெரியாது. கல்லை எடுப்பதற்கு முன்னால் கணக்கை எடுக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

குரங்கின் வாழ்க்கையை அறிவதற்கென்றே காட்டில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் குரங்கு விழிப்பதற்கு முன்னால் மரத்தடிக்குப் போய், இருட்டி அது அடையும் வரை கூடவே நடப்பார்கள். முகத்தில் உள்ள தழும்பையும் வாலின் வளைவையும் பார்த்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டு பெயர் வைப்பார்கள். எது எதற்குப் பேன் பார்க்கிறது, எது யாருக்கு வழி விடுகிறது, என்ன தின்கிறது என்பதையெல்லாம் குறித்த நேரத்துக்கு ஒருமுறை நோட்டில் எழுதுவார்கள். அவர்கள் கண்டுபிடித்தவற்றில் நம் தோட்டத்துக்கு உதவுவதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், வருவது எந்தக் குரங்கு என்று தெரிய வேண்டும். நம் மலையில் நான்கு வகை உண்டு. தலைமயிர் நடுவிலிருந்து சுற்றிலும் படிந்து தொப்பி வைத்தது போல் இருப்பது நாட்டுக்குரங்கு. பயிரில் அதிகம் கை வைப்பது இதுதான். இதற்குக் கன்னத்தின் உள்ளே பை உண்டு. அவசரமாகப் பறித்துப் பையில் அடைத்துக்கொண்டு, மரத்தில் ஏறி நிதானமாக மெல்லும். இரண்டாவது கருமந்தி. கருங்குரங்கு என்றும் சொல்வார்கள். இதற்குக் கன்னப்பை கிடையாது. இலையையும் தளிரையும் செரிப்பதற்கேற்ற அறை அறையான வயிறு உண்டு. பெரும்பாலும் மரத்திலேயே இருக்கும். மூன்றாவது, சாம்பல் உடம்பும் கருத்த முகமும் நீண்ட வாலும் உள்ள அனுமார் குரங்கு. இதுவும் இலை தின்னும் ஜாதி. நான்காவது சிங்கவால் குரங்கு. முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரிமயிரும், வால் நுனியில் குஞ்சமும் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இது இல்லை. மேகமலைப் பக்கத்துச் சோலைகளில் இருக்கிறது.

நாலுக்கும் குணம் வேறு, தீனி வேறு. ஆகவே பரிகாரமும் வேறு. "குரங்கு வந்தது" என்று மொத்தமாகச் சொல்வது, "பயிருக்கு நோய் வந்தது" என்று சொல்வது மாதிரிதான். எந்த நோய் என்று தெரியாமல் மருந்து அடிக்க முடியுமா?

இனி நாட்டுக்குரங்கின் குடும்பத்தைப் பார்ப்போம். 1960-களின் தொடக்கத்தில் பால் சைமண்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் அப்போதைய மைசூர் ராஜ்யத்தில் இந்தக் குரங்கைக் கூட இருந்து கவனித்தார். அதன் பிறகு நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பலரும் கவனித்து எழுதியிருக்கிறார்கள். இதன் நெருங்கிய பங்காளி இலங்கைச் செங்குரங்கு. அதைப் பொலன்னறுவையில் 1968-இல் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் தலைமுறை தலைமுறையாகக் கவனித்தவர் வொல்ப்காங் டிட்டஸ். இவர்கள் எல்லோரும் கண்ட உண்மை ஒன்றே: குரங்குக் கூட்டம் என்பது தாய்வழிக் குடும்பம்.

நாம் என்ன நினைக்கிறோம்? முன்னால் நின்று பல்லைக் காட்டி உறுமுகிறதே, அந்தக் கிழக் கடுவன்தான் கூட்டத்துக்கு எஜமான் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஆண் குரங்கு வாலிப வயதில் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடும். வயதான பிறகும் கூட்டம் மாறும். பெண்குரங்கோ பிறந்த இடத்திலேயே வளர்ந்து, பெற்று, அங்கேயே சாகும். பாட்டி, தாய், மகள், பேத்தி என்று வேர் விட்டு நிற்பது பெண் பக்கம்தான். எந்த அத்தி எந்த மாதம் பழுக்கும், கோடையில் எந்த ஓடையில் தண்ணீர் நிற்கும், எந்தத் தோட்டத்தில் காவல் இல்லை என்பதெல்லாம் தெரிந்தவையும் அந்தக் கிழப் பெண்குரங்குகள்தான்.

அந்தஸ்தும் தாய்வழியில்தான் வருகிறது. உயர்ந்த குடும்பத்துக் குட்டி, வயதில் பெரிய தாழ்ந்த குடும்பத்துக் குரங்கைக்கூட விரட்டிவிட்டுத் தீனியைப் பிடுங்கிக்கொள்ளும். பொலன்னறுவையில் தீனி குறைந்த காலத்தில் முதலில் செத்தவை தாழ்ந்த நிலையில் இருந்த குட்டிகள்தான் என்று டிட்டஸ் கண்டார். காட்டில் கூட்டத்தின் எண்ணிக்கை கட்டுக்குள் இருப்பது இப்படித்தான். பசி ஒரு வேலி. தீனி கூடினால் அந்த வேலி விழுந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது கூண்டு விஷயத்துக்கு வருவோம். "பெரிய கடுவனைப் பிடித்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். கலையாது. கடுவன் போனால் வேறு கடுவன் வரும். கர்நாடகத்தில் தார்வார் பக்கத்தில் 1960-களின் தொடக்கத்தில் ஜப்பான் தேசத்து சுகியாமா என்பவர் அனுமார் குரங்குகளை ஆராய்ந்தார். ஒரே ஆண் இருந்த ஒரு கூட்டத்திலிருந்து அந்த ஆணை வேண்டுமென்றே எடுத்துப் பார்த்தார். வெளியிலிருந்து வேறு ஆண் வந்து சேர்ந்தது. இருந்த குட்டிகளைக் கடித்துக் கொன்றது. குட்டியை இழந்த தாய்கள் சீக்கிரமே மறுபடி இணை சேர்ந்தன. கூட்டம் அதே இடத்தில்தான் இருந்தது. நாட்டுக்குரங்கின் கூட்டத்தில் கடுவன்கள் பல உண்டு. அங்கே ஒன்றைப் பிடிப்பதால் ஆவது இன்னும் குறைவு.

சரி, பாதிக் கூட்டத்தைப் பிடித்து லாரியில் ஏற்றி வேறு மலையில் விட்டால்? மிச்சமிருக்கும் பெண்களுக்குத் தீனி தாராளமாகிவிடும், குட்டிகள் சாகாமல் நிற்கும். ஒரு தாய்க்கு வருஷத்துக்கு ஒரு குட்டி வீதம், பத்துத் தாய் இருந்தால் வருஷம் பத்து வரை பிறக்கலாம். நாலு வயது வாக்கில் அவையும் தாயாகும். சில வருஷத்தில் காலி இடம் நிரம்பிவிடும். அங்கே கொண்டுபோய் விட்ட குரங்கோ, தெரியாத காட்டில் தீனி தேடத் தெரியாமல் பக்கத்து ஊர்த் தோட்டத்தில் இறங்கும். நம் தொல்லையை இன்னொரு விவசாயியின் தலையில் இறக்கி வைத்ததுதான் மிச்சம். அவர் ஊர்க் குரங்கு நம் மலைக்கும் வரலாமே!

குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனையும் சிலர் கேட்கிறார்கள். இமாசலப் பிரதேசத்தில் 2006-07 முதல் லட்சத்துக்கு மேற்பட்ட குரங்குகளுக்குச் செய்திருக்கிறார்கள். அது சர்க்கார் செய்ய வேண்டிய வேலை, பலன் தெரியப் பல வருஷம் பிடிக்கும். ஆபரேஷன் ஆன குரங்குக்கும் வயிறு இருக்கிறது. இந்த வருஷத்துக் காயை அது காப்பாற்றாது.

அடுத்தது, குரங்கின் படிப்பு. ஜப்பானில் கோஷிமா என்ற சிறு தீவு. 1953-இல் அங்கே ஒரு இளம் பெண்குரங்கு, மண் ஒட்டிய சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் கழுவித் தின்றது. அதைப் பார்த்து அதன் கூட்டாளிகள் கற்றன. பிறகு தாய் கற்றது. தாயிடமிருந்து குட்டிகள் கற்றன. சில வருஷத்தில் கூட்டத்தில் பெரும்பகுதி கிழங்கைக் கழுவ ஆரம்பித்துவிட்டது. கற்காமல் நின்றவை பெரும்பாலும் கிழட்டு ஆண்கள்.

குரங்கு குட்டியை விட்டு ஆழம் பார்த்த மாதிரி என்று நம்மிடம் பழமொழி உண்டு. உண்மையில் தாய் பார்க்கும் ஆழத்தைத்தான் குட்டி மடியில் தொங்கிக்கொண்டே படிக்கிறது. உங்கள் தோட்டத்தில் இன்று ஒரு குரங்கு ஏலத்தட்டையை உரிக்கக் கற்றுவிட்டால், நாளை அதன் வம்சமே உரிக்கும். ஆகவே கூட்டம் தோட்டத்தை ருசி பார்த்துப் பழகுவதற்கு முன்னால் தடுப்பது, பழகிய பின் விரட்டுவதைவிடப் பல மடங்கு சுலபம். வெடிச்சத்தமும் இதே கதைதான். முதல் நாள் ஓடும். சத்தத்தால் ஆபத்து இல்லை என்று கண்டுகொண்டால் பத்தாம் நாள் மரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். ஆனால் கருமந்தியோ மிளாவோ புலி, சிறுத்தையைக் கண்டு குரல் கொடுத்தால், நாட்டுக்குரங்கு உடனே மரம் ஏறிவிடும். எந்தச் சத்தத்தில் உண்மை இருக்கிறது என்று அதற்குத் தெரிகிறது.

இப்போது தீனி விஷயம். ஜப்பானில் ஓயிட்டா என்ற ஊருக்குப் பக்கத்தில் தகசாகியாமா என்று ஒரு மலை. அங்கிருந்த குரங்குகள் சுற்றியிருந்த வயல்களில் இறங்கி நாசம் செய்துவந்தன. 1952-இல் ஊர் மேயர் ஒரு யோசனை செய்தார். மலையில் ஓர் இடத்தில் தினமும் தீனி போட்டால் குரங்கு வயலுக்கு வராது, பார்க்க ஜனங்களும் வருவார்கள் என்பது அந்த யோசனை. ஜனங்கள் வந்தார்கள். ஆனால் சுமார் 200 இருந்த குரங்கு ஆயிரத்தைத் தாண்டிப் பெருகியது. ஒரே கூட்டம் மூன்று கூட்டமாகப் பிரிந்தது. பின்னால் தீனியைக் குறைப்பதற்கு அவர்கள் பட்ட பாடு பெரிது. பசி என்ற வேலியைத் தாங்களே பிடுங்கிப் போட்டதன் பலன்!

நம் போடிமெட்டுச் சாலையில் நடப்பது என்ன? கொண்டை ஊசி வளைவில் கார் நிற்கிறது. பிஸ்கட்டும் வாழைப்பழமும் பறக்கிறது. கொடுப்பவருக்குப் புண்ணியம், படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். மனுஷனைக் கண்டு பயப்படாத குரங்கும், சாகாமல் பிழைத்த குட்டிகளும் நமக்கு மிச்சம். சாலையில் விழும் ஒவ்வொரு பழமும் நம் தோட்டத்துக் காயில் கணக்குத் தீர்க்கப்படும். தோட்டத்து லயத்தில் சோற்றையும் காய்கறிக் கழிவையும் திறந்தவெளியில் கொட்டுவதும் இதே வகைதான்.

அப்படியானால் குரங்கைப் பட்டினி போடச் சொல்கிறேனா? இல்லை. காட்டுத் தீனியைக் காட்டில் வைக்கச் சொல்கிறேன். மைசூர்ப் பல்கலைக்கழகத்து மேவா சிங்கும் அவரோடு வேலை செய்தவர்களும் சாலையோரக் குரங்குக் கூட்டங்களைப் பல வருஷம் எண்ணி வந்தார்கள். சாலை ஓரத்து ஆல், அத்தி மரங்கள் வெட்டப்பட்ட இடங்களில் கூட்டங்கள் குறைந்து மறைந்ததைக் கண்டார்கள். நாட்டுக்குரங்கு எங்கும் மலிந்து கிடப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஆனால் வடக்கேயுள்ள செம்முகக் குரங்கு தெற்கு நோக்கிப் பரவி அதன் இடத்தைப் பிடித்துவருகிறது. அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் உலக நிபுணர்கள் நாட்டுக்குரங்கையும் சேர்த்திருக்கிறார்கள். தோட்டத்துக்கு வரும் தொல்லை கூடுவதும் காட்டில் இனம் குறைவதும் ஒரே சமயத்தில் நடக்க முடியும். மரம் போனால் மீதியிருப்பது தோட்டத்தில்தானே வந்து நிற்கும்?

சிங்கவால் குரங்கின் கதை இதைவிடத் தெளிவு. 1973 முதல் 1975 வரை திருநெல்வேலிச் சீமையின் களக்காட்டு மலையில் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி இருவரும் அதை ஆராய்ந்தார்கள். ஒரு கூட்டம் பிழைக்க இத்தனை சதுர மைல் அறுபடாத சோலை வேண்டும் என்று அவர்கள் காட்டிய பிறகு, 1976-இல் அதற்காகவே களக்காடு சரணாலயம் ஏற்பட்டது. வால்பாறையில் புதுத்தோட்டம் என்ற எஸ்டேட்டிலோ, சோலை சுமார் 90 ஹெக்டேர் துண்டாகச் சுருங்கிவிட்டது. மரத்தை விட்டுத் தரையிறங்காத ஜாதி, அங்கே தரையில் நடந்து வீட்டு அடுப்படிக்கு வருகிறது. சாலையில் அடிபடாமல் இருக்க மேலே கயிற்றுப் பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். குணம் மாறியது குரங்கினாலா, மரம் போனதாலா என்று யோசித்துப் பாருங்கள்.

ஏலம் நிழலில் வளரும் பயிர். நிழல் மரத்தை அளவுக்கு மீறிக் கழித்தால் வெயில் ஏறிச் செடியும் கெடும், குரங்குக்குக் காட்டுப் பழமும் போகும். ஓடைக்கரையிலும் காட்டோரத்திலும் நிற்கும் அத்தி, ஆல், நாவல் மரங்களை விட்டு வையுங்கள். மற்ற பழம் இல்லாத காலத்தில் அத்திதான் காட்டுக்குக் களஞ்சியம்.

இனி நாம் செய்ய வேண்டிய வேலைகள்.

ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கூட்டம் வந்த தேதி, நேரம், வந்த மரம், எத்தனை உருப்படி, எத்தனை குட்டி, தின்றது என்ன என்று எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் கொடுங்கள், பிரியமாகச் செய்வார்கள். நாட்டுக்குரங்கு பெரும்பாலும் மாசி, பங்குனியை ஒட்டிக் குட்டி போடும். அப்போது எண்ணினால் கூட்டம் வளர்கிறதா தேய்கிறதா என்று தெரியும். இலங்கையில் 2025 மார்ச் 15-ஆம் தேதி காலை 8 மணிக்கு, நாடு முழுவதும் ஐந்து நிமிஷம் அவரவர் நிலத்தில் நிற்கும் குரங்கு, மயில், பன்றிகளை எண்ணச் சொன்னார்கள். நம் ஊரிலும் பத்துத் தோட்டக்காரர்கள் ஒரே நேரத்தில் எண்ணினால், ஒரே கூட்டத்தைப் பத்துப் பேரும் பத்துக் கூட்டமாக நினைத்தது வெளிச்சமாகும்.

இரண்டு, காவலைக் கூட்டாக வையுங்கள். ஒருவர் விரட்டினால் அடுத்தவர் தோட்டத்துக்குத்தான் போகும். காய் எடுப்பு நடக்கும் ஆடி, ஆவணி முதல் தை வரை, நோட்டில் கண்ட நேரத்தில், நோட்டில் கண்ட மரத்தடியில் ஆள் நிற்கட்டும். கூட்டம் உள்ளே வந்த பிறகு அல்ல, எல்லையில் ஏறும்போதே திருப்ப வேண்டும்.

மூன்று, அடிவாரத்து மா, தென்னைத் தோப்புகளில், காட்டு மரத்திலிருந்து தோப்புக்குப் பாலம் போடும் கிளைகளை மட்டும் கழித்து விடுங்கள். குரங்கு தரையில் இறங்கித் திறந்தவெளியைக் கடக்கத் தயங்கும்.

நான்கு, சாலையில் தீனி போடுபவரைப் பார்த்தால் மரியாதையாகச் சொல்லுங்கள்: "அய்யா, நீங்க போடுற பழத்துக்கு நாங்க விலை கொடுக்கிறோம்."

ஐந்து, விஷம், அவுட்டுக்காய், கம்பத்துக் கரண்டை வேலியில் பாய்ச்சுவது எதுவும் வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அதோடு மாடும் மனுஷனும் அதில் சாகிறார்கள். லேகியத்துக்கென்று கருங்குரங்கைச் சுட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த ஆசை இன்னும் யாருக்காவது இருந்தால் விட்டுவிட வேண்டும். சேதத்தை நோட்டோடு போய் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். "ரொம்பச் சேதம்" என்பதைவிட, "இந்தத் தேதியில், இத்தனை செடி" என்ற மனுவுக்குப் பலம் அதிகம்.

கடைசியாக உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ காப்பித்தூள், மஞ்சள் என்று எதையும் அப்ப வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். காட்டில் குரங்கு தானாகச் செத்துக் கிடந்தால் தொடாதீர்கள். 1957-இல் கர்நாடகத்தின் சிமோகா ஜில்லாவில், கியாசனூர் காட்டில் கண்டுபிடித்த குரங்குக் காய்ச்சல் உண்ணியினால் பரவுவது. குரங்குகள் சாவதுதான் அதற்கு முதல் எச்சரிக்கை. உடனே வனத்துறைக்கும் சுகாதார நிலையத்துக்கும் தகவல் சொல்லுங்கள்.

பெருமக்களே, குரங்கு நம் எதிரியும் அல்ல, விருந்தாளியும் அல்ல. மலையில் நமக்கு முன்பே குடியிருந்த ஒரு குடும்பம். எல்லைத் தகராறு உள்ள பங்காளியோடு எப்படி இருப்போம்? அவர் வீட்டில் எத்தனை பேர், எந்த நேரம் எங்கே போவார் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, நம் எல்லையில் உஷாராக நிற்போம். அந்த மாதிரித்தான் இதுவும். அடுத்த காய் எடுப்புக்கு முன்னால் ஒரு பென்சிலும் ஒரு நோட்டும் தோட்டத்துக்குப் போகட்டும். ஒரு வருஷத்துக் கணக்கு கையில் இருந்தால், கல்லெறிவது பாதியாகக் குறையும், காய் கொஞ்சம் கூடுதலாக வீட்டுக்கு வரும்.